இலைச் சாரத்தில் இரத்த நாளம்

இலையில் ஓடும் கோடுகளைத் தமிழில் நரம்பு என்கிறோம். மருத்துவமனையில் கையில் போடும் ஊசியையும் 'நரம்பு ஊசி' என்றே சொல்கிறோம். அந்த ஊசி இறங்குவது உண்மையில் நரம்பில் அல்ல, சிரையில். மூளையின் செய்தியைக் கொண்டுசெல்வது நரம்பு, இரத்தம் ஓடுவது நாளம், இலையில் நீர் ஏறுவது சைலம் என்று பாடநூல் பிரித்துச் சொல்கிறது. பேச்சுவழக்கு அந்தப் பிரிவினைக்குக் கட்டுப்படுவதில்லை. கிளைவிட்டுக் கிளைவிட்டுச் சிறுத்து, கடைசி மூலைவரை உயிர்ப்பொருளை ஊட்டும் எதுவும் அதற்கு நரம்புதான்.

இந்தப் பேச்சுவழக்கில் ஒரு பொறியியல் கேள்வியும் ஒளிந்திருக்கிறது. இலையின் நரம்பு மனிதனுக்கு நரம்பாகுமா? அடைத்துப்போன ஒரு சிறு இரத்தக் குழாயை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இலையைக் கொண்டு செய்த குழாயைத் தைக்க முடியுமா? கடந்த பத்தாண்டுகளுக்கு மேலாக உலகின் பல ஆய்வுக்கூடங்கள் இதைச் சோதித்துவருகின்றன. சோதனையின் வேதியியலில் பெரும்பகுதி வட தமிழ்நாட்டின் ஆலங்காயத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் பழக்கமானது. ஆலங்காயத்துக்கு மேலே ஜவ்வாது மலைக் காடு இருக்கிறது. கீழே பாலாற்றங்கரையில் வாணியம்பாடியும் ஆம்பூரும் தலைமுறைகளாகத் தோல் பதனிடுகின்றன. உயிரோடு இருந்த ஒன்றிலிருந்து செல்களை நீக்கி, சட்டகத்தை மட்டும் கெடாமல் நிறுத்துவதே தோல் பதனிடும் தொழில். இலையிலிருந்து நாளம் செய்வதும் அங்கேதான் தொடங்குகிறது.

குட்டையில் ஊறிய அரச இலை

அரச இலை ஒன்றைத் தண்ணீரில் சில வாரம் ஊறப்போட்டால் பச்சைச் சதை அழுகிக் கரைந்துவிடும். மெல்லத் தேய்த்துக் கழுவினால் கையில் மிஞ்சுவது சல்லடைத் துணிபோன்ற ஒரு வலை. நடுநரம்பு, பக்க நரம்புகள், அவற்றுக்கிடையே மயிரிழை போன்ற குறுக்கு நரம்புகள் என எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உலர்த்தி ஓவியம் தீட்டி விற்பவர்களும் உண்டு.

சதை கரைந்தும் வலை ஏன் கரையவில்லை? சதையின் செல்களுக்குச் சுவர் மெல்லியது. அதை நுண்ணுயிரிகள் எளிதில் தின்றுவிடும். நரம்பின் சுவர் செல்லுலோஸ் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலியால் ஆனது. அதன்மேல் லிக்னின் என்ற மரப்பொருள் படிந்து இறுகியிருக்கிறது. பருத்தி நூலின் பெரும்பகுதி செல்லுலோஸ். மரத்துக்கு விறைப்பைக் கொடுப்பது லிக்னின். இலை செத்த பிறகும் அதன் நீர்க்குழாய் அமைப்பு நிற்பதற்கு இவை இரண்டும் காரணம்.

கட்டடம் கட்டும்போது சவுக்குக் கம்புகளால் வெளியே எழுப்பும் தாங்கலுக்குச் சாரம் என்று பெயர். செல்கள் ஏறி உட்கார்ந்து வளர்வதற்கான தாங்கலையும் சாரம் என்றே அழைக்கலாம். ஒரு திசுவிலிருந்து செல்களை மட்டும் அகற்றிச் சாரத்தைத் தனியே எடுப்பது செல்நீக்கம். குட்டையில் ஊறிய அரச இலை, இயற்கை செய்துகாட்டும் ஒரு கரடுமுரடான செல்நீக்கம்.

சிறிய குழாயின் சிக்கல்

மாற்று நாளம் என்பது மருத்துவத்துக்குப் புதிதல்ல. வயிற்றுக்குள் இறங்கும் பெருந்தமனி வீங்கி வெடிக்கும் நிலையில் இருந்தால், அதை வெட்டியெடுத்துத் துணிக்குழாய் பொருத்துவது பல பத்தாண்டுகளாக நடக்கிறது. அமெரிக்க அறுவை மருத்துவர் ஆர்தர் வூர்ஹீஸ் 1952-இல் செயற்கை இழைத் துணியைக் குழாயாகத் தைத்துப் பயன்படுத்தியதை வெளியிட்டார். அதன்பின் மைக்கேல் டிபேக்கி டெக்ரான் துணியில் தம் வீட்டுத் தையல் எந்திரத்தைக் கொண்டே குழாய் தைத்தார். டெக்ரான் என்பது பாலியெஸ்டர். சட்டைத் துணியின் உறவுக்காரப் பொருள் பெருந்தமனியில் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது.

அதே துணிக்குழாயை 4 மில்லிமீட்டர் விட்டத்தில் செய்து இதயத்தில் வைத்தால் விரைவில் அடைத்துக்கொள்கிறது. இந்தப் புதிரின் ஒரு பகுதி வெறும் கணக்கு. இரத்தம் தொடும் அந்நியப் பரப்பில் புரதமும் தட்டணுக்களும் சேர்ந்து ஒரு படலம் படியும். அது 1 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்ளலாம். 20 மில்லிமீட்டர் குழாயில் அப்படிப் படிந்தால் 18 மில்லிமீட்டர் வழி மிஞ்சும். அதாவது பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் திறந்தே இருக்கும். 4 மில்லிமீட்டர் குழாயில் படிந்தால் மிஞ்சுவது 2 மில்லிமீட்டர். விட்டம் பாதியானால் பரப்பு கால்பங்காகும். அதே அழுத்தத்தில் ஓடும் இரத்தத்தின் அளவோ பதினாறில் ஒரு பங்காகிவிடும். கரோனரித் தமனிகள் தொடங்குமிடத்தில் ஏறத்தாழ 3 முதல் 4 மில்லிமீட்டர் விட்டம் கொண்டவை. பால்பாயிண்ட் பேனாவின் ரீஃபில் அளவுதான். அதனால்தான் 6 மில்லிமீட்டருக்குக் குறைந்தவற்றைச் சிறுநாளம் என்று தனியே பிரித்துப் பேசுகிறார்கள்.

இரண்டாவது பகுதி, நாளத்தின் உட்பூச்சு. இயற்கை நாளத்தின் உட்புறம் முழுவதும் ஒற்றை அடுக்குச் செல்கள் ஓடு பதித்ததுபோல் பரவியிருக்கும். இவை அகவணிச் செல்கள். இரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வது இவற்றின் வேலை. நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து நாளத்தைத் தளர்த்துவதும் இவையே. அந்த வாயு உடலுக்குள் செய்தி சொல்லும் பொருளாக இயங்குவதைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. துணிக்குழாயின் உட்புறத்தை இந்தச் செல்கள் எளிதில் போர்த்துவதில்லை.

மூன்றாவது, மீள்தன்மை. ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் தமனி சற்று விரிந்து சுருங்கும். துணிக்குழாய் விரியாது. ரப்பர்க் குழாயையும் பிவிசி குழாயையும் இணைத்த இடத்தில் தண்ணீர் தடுமாறிச் சுழல்வதுபோல், தையல் போட்ட இடத்தில் இரத்த ஓட்டம் குலைகிறது. அந்தத் தொந்தரவுக்கு நாளத்தின் தசைச் செல்கள் பெருகிப் பதில் சொல்கின்றன. உட்சுவர் தடித்து, மெல்ல மெல்ல வழி அடைகிறது.

கடன் வாங்கிய நாளங்கள்

இதற்கு இன்றுள்ள தீர்வு, நோயாளியின் உடலிலிருந்தே நாளத்தைக் கடன் வாங்குவது. ரெனே ஃபவலோரோ 1967-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் காலின் நீள் சிரையை எடுத்து இதயத்தில் மாற்றுவழி அமைக்கத் தொடங்கினார். பைபாஸ் என்று ஊரெல்லாம் அறிந்த சிகிச்சை அதுதான். மாமரத்தில் ஒட்டுக் கட்டுவதைப்போல் ஓரிடத்து நாளம் இன்னோரிடத்தில் ஒட்டப்படுவதால் இதை ஒட்டுநாளம் என்று சொல்வது பொருந்தும். நெஞ்சுச் சுவரின் உட்புறத் தமனியை எடுத்து ஒட்டினால் பத்தாண்டுக்குப் பின்னும் பெரும்பாலானவை திறந்திருக்கின்றன. கால் சிரையில் ஏறத்தாழ பாதி அதற்குள் அடைத்துவிடுகிறது அல்லது கடுமையாகப் பழுதடைகிறது. சிலருக்குக் கடன் வாங்கவே வழியில்லை. சர்க்கரை நோயால் கால் நாளங்கள் கெட்டவர்கள், முன்பே ஒருமுறை பைபாஸ் செய்துகொண்டவர்கள், சிரைப் புடைப்பு உள்ளவர்கள் அந்த வகை. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் கையில் தமனியையும் சிரையையும் இணைத்துத்தான் இரத்தம் எடுக்க வழி செய்கிறார்கள். அடிக்கடி ஊசி குத்தப்படும் அந்த வழி கெட்டுப்போனால் அடுத்த இடம் தேட வேண்டியிருக்கும்.

இந்தத் தேவை ஆலங்காயத்துக்குத் தொலைவான செய்தியல்ல. இந்தியாவின் முதல் வெற்றிகரமான திறந்த இதய அறுவைச் சிகிச்சை 1961-இலும், முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றுச் சிகிச்சை 1971-இலும் அருகிலுள்ள வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில்தான் நடந்தன.

உடலுக்கு வெளியே நாளம் தேடியவர்களில் ஒருவர் அமெரிக்க அறுவை மருத்துவர் நார்மன் ரோசன்பர்க். அவர் மாட்டின் கழுத்துத் தமனியை எடுத்துக்கொண்டார். அத்திப்பாலிலிருந்து கிடைக்கும் ஃபிசின் என்ற நொதியில் ஊறவைத்துத் தசையைச் செரிக்கச் செய்தார். மிஞ்சிய கொலாஜன் குழாயை, மாவுச்சத்திலிருந்து தயாரித்த ஒரு ஆல்டிஹைடால் உறுதியாக்கினார். மனிதரில் அது பயன்பட்ட விதத்தை விவரித்து 1966-இல் வெளியான கட்டுரையின் தலைப்பு, அதைப் 'பதனிட்ட கொலாஜன் தமனி' என்றே குறிப்பிட்டது. அந்தச் சொல் வெறும் உவமை அல்ல. தோல் பதனிடும் வேதியியலே அங்கு நடந்தது.

தோல் ஷாப்பின் பாடம்

வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்தில் தோல் ஷாப் என்று சொல்லப்படும் பதனிடும் சாலையில் நடக்கும் வேலையை இரண்டாகப் பிரிக்கலாம். முதல் பாதி முழுவதும் நீக்கம். உப்பிட்டு வந்த தோலை ஊறவைத்து உப்பையும் அழுக்கையும் எடுக்கிறார்கள். சுண்ணாம்பும் சல்ஃபைடும் கலந்த நீரில் போட்டு முடியைத் தளர்த்துகிறார்கள். உட்புறச் சதையைச் செதுக்குகிறார்கள். சுண்ணாம்பை நீக்கியபின் நொதிகளில் ஊறவைத்து, இழைகளுக்கிடையே மாட்டியிருக்கும் தேவையற்ற புரதங்களைக் கரைக்கிறார்கள். இத்தனையும் முடியும்போது கையில் இருப்பது ஏறத்தாழ கொலாஜன் இழைவலை மட்டும்தான். செல்நீக்கம் என்று ஆய்வுக்கூடம் சொல்வது இதன் நுட்பமான வடிவம்.

கொலாஜன் என்றால் என்ன என்பதற்கான விடை சென்னையில் கிடைத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ்-கதிர்ப் படங்களை ஆராய்ந்து, கொலாஜன் மூன்று சங்கிலிகள் சேர்ந்து முறுக்கிய அமைப்பு என்று 1954-இல் அறிவித்தார்கள். தென்னை நாரை மூன்று புரியாகத் திரித்த கயிறு நினைவுக்கு வந்தால் போதும். 1948-இல் அடையாற்றில் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அந்தப் பல்கலைக்கழகத் துறைகளுக்கு அண்டை வீடு. தோல் தொழிலும் உயிர்மூலக்கூறு அறிவியலும் தமிழ்நாட்டில் ஒரே வளாகத்தின் காற்றைச் சுவாசித்தவை.

வேலையின் இரண்டாம் பாதி இணைப்பு. நீக்கம் முடிந்த தோலை அப்படியே விட்டால் அழுகும், காய்ந்தால் விறைக்கும். ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள டானின்கள் கொலாஜன் புரிகளுக்கிடையே புகுந்து ஒன்றோடொன்றைப் பிணைக்கின்றன. இதற்குக் குறுக்கிணைப்பு என்று பெயர். வேலிக்காக ஊன்றிய கம்புகளைக் குறுக்குக் கம்பு கட்டி நிறுத்துவதுபோல்தான் இதுவும். எவ்வளவு பிணைந்திருக்கிறது என்று அறியப் பதனிடுபவர்களிடம் ஒரு சோதனை உண்டு. தோல் துண்டை நீரில் போட்டுச் சூடேற்றுவார்கள். பச்சைத்தோல் 60 முதல் 65 டிகிரி செல்சியசிலேயே சுருண்டுவிடும். பட்டையில் பதனிட்டது 75 முதல் 85 வரை தாங்கும். குரோமில் பதனிட்டது கொதிநீரையும் தாங்கும். உடலில் வைக்கும் கொலாஜன் பொருள்களுக்கும் இதே சுருங்கு வெப்பநிலையை அளக்கிறார்கள்.

பதனிடுதல் உடலுக்குள் என்ன செய்யும் என்பதற்கும் பழைய சாட்சி இருக்கிறது. காயம் தைக்கும் கேட்கட் நூல் ஆட்டின் அல்லது மாட்டின் குடலிலிருந்து வரும் கொலாஜன். பதனிடாத நூல் உடலுக்குள் விரைவில் வலுவிழக்கும். குரோமியம் உப்பில் ஊறிய நூல் அதைவிட நீண்டநாள் தாங்கும். பிணைப்பு கூடினால் உடல் அதைத் தின்னும் வேகம் குறையும். பாரிஸில் அலென் கார்பென்டியர் 1960-களின் பிற்பகுதியில் பன்றி இதய வால்வுகளை குளூட்டரால்டிஹைடில் ஊறவைத்து மனிதருக்கு ஏற்றதாக்கினார். அதே குளூட்டரால்டிஹைடு தோல் தொழிலிலும் பதனிடும் பொருள்.

நாளம் செய்பவர்களுக்குத் தோல் ஷாப் கற்றுத்தரும் பாடத்தோடு ஒரு எச்சரிக்கையும் சேர்ந்தே வருகிறது. செருப்புத் தோல் எந்த உயிரையும் தனக்குள் விடக் கூடாது. பூஞ்சையும் பாக்டீரியாவும் உள்ளே வந்தால் அது கெட்டுப்போகும். ஒட்டுநாளத்துக்கோ, வலுவோடு நின்றுகொண்டே செல்களை உள்ளே அழைக்கும் குணம் வேண்டும். மிகுதியாகப் பதனிட்ட நாளத்தில் செல்கள் குடியேறத் தயங்கும். காலப்போக்கில் சுண்ணாம்புச் சத்து படிந்து அது விறைக்கவும் கூடும். நீக்கும் கலை இரண்டு தொழிலுக்கும் ஒன்றுதான். இணைக்கும்போது எங்கே நிறுத்துவது என்பதில் இரண்டும் பிரிகின்றன.

கீரையில் ஓடிய சிவப்புச் சாயம்

விலங்கிலிருந்து எடுத்த சாரத்துக்கு எல்லை உண்டு. நோய்க்கிருமி கடந்துவரும் அச்சம், கிடைக்கும் அளவு, விலை, சமய உணர்வு எல்லாம் குறுக்கே நிற்கும். தாவரம் மலிவானது, எங்கும் வளரும். தாவரத்தில் மனித செல் வாழுமா என்பதே முதலில் எழுந்த கேள்வி. கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ பெல்லிங்கின் குழு ஆப்பிள் துண்டுகளிலிருந்து செல்களைக் கழுவி எடுத்துவிட்டு, மிஞ்சிய செல்லுலோஸ் சல்லடையில் பாலூட்டிகளின் செல்களை வளர்த்து 2014-இல் வெளியிட்டது. 2016-இல் அதே ஆப்பிள் சாரத்தை எலிகளின் தோலுக்கடியில் வைத்துப் பார்த்தார்கள். எட்டு வாரத்தில் சாரத்துக்குள் எலியின் இரத்த நாளங்கள் வளர்ந்திருந்தன. உடல் அதைத் துரத்தி வெளியேற்றவில்லை.

2017-இல் அமெரிக்காவின் வூஸ்டர் பாலிடெக்னிக் நிறுவனத்தில் ஜோஷுவா கெர்ஷ்லாக், கிளென் கோடெட் குழுவினர் இலையின் நரம்பையே குழாயாகப் பயன்படுத்தினார்கள். எடுத்துக்கொண்டது பாலக் கீரை. காம்பின் வெட்டுமுனையில் மெல்லிய ஊசிக்குழாயைச் செருகி, இலையின் நரம்புகள் வழியாகவே டிடர்ஜென்ட் கரைசலை ஓடவிட்டார்கள். அந்தக் கரைசலில் உள்ள சோடியம் டோடெசில் சல்ஃபேட் பல பற்பசைகளிலும் ஷாம்புகளிலும் நுரைக்காகச் சேர்க்கப்படுவதுதான். எண்ணெய்ப் பிசுக்கை சோப்பு கரைப்பதுபோல், செல்லின் கொழுப்புச் சவ்வை இது கரைக்கும். உள்ளிருப்பது எல்லாம் வெளியே கழுவிப் போகும். சில நாளில் பச்சை வெளுத்து, கீரை கண்ணாடித் தாள்போல் ஆனது. ஆனால் நரம்புகள் நின்றன.

அதன்பிறகு காம்பு வழியே சிவப்புச் சாயத்தைச் செலுத்தினார்கள். சாயம் நடுநரம்பில் ஏறி, கிளைகளில் பிரிந்து, இலை நுனிவரை பரவியது. சிவப்பணுவின் அளவை ஒத்த நுண்மணிகளை விட்டபோது அவையும் குழாய்களில் ஓடின. நரம்புகளின் உட்புறத்தில் மனித அகவணிச் செல்களைப் பதித்தார்கள். இலைப் பரப்பில் ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த மனித இதயத்தசைச் செல்களை வைத்தார்கள். அவை மூன்று வாரம்வரை துடித்துக்கொண்டிருந்தன.

இது ஏன் சாத்தியமானது? மரத்துக்கும் மனிதனுக்கும் பகிர்வுக் கணக்கு ஒன்றே என்பது ஒரு காரணம். செசில் மர்ரே 1926-இல் இரத்த நாளங்கள் கிளைவிடுவதில் ஓர் ஒழுங்கைக் கணித்தார். குழாயைப் பெரிதாக்கினால் அதைக் கட்டிப் பேணும் செலவு கூடும், சிறிதாக்கினால் திரவத்தைத் தள்ளும் செலவு கூடும். இரண்டையும் சேர்த்துக் குறைந்த செலவு வரும்படி கிளைகளின் அளவு அமையும் என்றார். 2003-இல் கேத்தரின் மக்கல்லோவும் உடன் ஆய்வாளர்களும், பல செடிகளின் நீர்க்குழாய்கள் இதே ஒழுங்கைப் பின்பற்றுவதை அளந்து காட்டினார்கள். நரம்பு என்று இரண்டையும் ஒரே பெயரால் அழைத்த பேச்சுவழக்குக்கு இப்படியோர் அளவீட்டு ஆதரவு உண்டு.

வலையா, சுருளா?

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். கீரையின் சிறு நரம்புகள் மயிரிழையைவிட மெல்லியவை. அவை உடலின் தந்துகிகளுக்கும் அவற்றுக்குச் சற்று மேற்பட்ட குழாய்களுக்கும் ஒப்பானவை. கரோனரித் தமனிக்கு மாற்றாக வைக்க அவை போதா. எனவே இலையை இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறார்கள்.

ஒன்று, இலையை வலையாகக் கொள்வது. நெல்வயலுக்கு வாய்க்கால் போல, செயற்கையாக வளர்க்கும் திசுவுக்கு உள்ளிருந்தே ஊட்டம் கொடுக்க இந்த வலை உதவும். தடித்த திசுவை வளர்ப்பவர்களின் பெரிய இடர், நடுவிலுள்ள செல்கள் மூச்சுமுட்டிச் சாவது. இலை வலை அதற்குத் தீர்வாகலாம்.

மற்றொன்று, இலையைத் துணியாகக் கொள்வது. செல்நீக்கிய இலையைச் சரியான பருமனுள்ள கம்பியில் சுற்றி, அடுக்குகளை ஒட்டி, கம்பியை உருவினால் தேவையான விட்டத்தில் குழாய் கிடைக்கும். பீடி சுற்றும் கைக்குப் புரியும் வேலை இது. இங்கே இலையின் நரம்புகள் இரத்தத்தைச் சுமப்பதில்லை. துணியில் ஓடும் பாவும் ஊடும்போல் குழாய்ச் சுவருக்கு வலுவூட்டுகின்றன. இந்த வழியில் அமெரிக்க ஆய்வாளர்கள் தேர்ந்த செடிகளில் ஒன்று சீனத்தைப் பிறப்பிடமாகக் கொண்ட லெதர்லீஃப் வைபர்னம். தோல்போன்ற இலை என்பதே அதன் பெயருக்குப் பொருள்.

செல்லுலோஸ் குழாய் இரத்தத்தில் தாக்குப்பிடிக்குமா என்பதற்கு வேறொரு முன்னோடியும் உண்டு. ஜெர்மனியின் யேனாவில் டீட்டர் கிளெம் குழுவினர், வினிகர் பாக்டீரியா நெய்யும் செல்லுலோஸிலிருந்து மெல்லிய குழாய்களை உருவாக்கி, எலியின் கழுத்துத் தமனியில் பொருத்தி 2001-இல் வெளியிட்டார்கள். தேங்காய்த் தண்ணீரைப் புளிக்கவைத்துச் செய்யும் வழுவழுப்பான நட்டா டி கோகோவும் இவ்வகை பாக்டீரியாவின் நெசவுதான்.

செல்களைக் குடியேற்றுதல்

சாரம் தயாராகிவிட்டது என்பதற்காகச் செல்கள் வந்து உட்கார்ந்துவிடாது. மனித செல்லின் மேற்பரப்பில் இன்டெக்ரின் என்ற பிடிப்புப் புரதங்கள் இருக்கின்றன. அவை தேடுவது கொலாஜன், ஃபைப்ரோனெக்டின் போன்ற விலங்குப் புரதங்களில் உள்ள குறிப்பிட்ட அமினோ அமிலத் தொடர்களை. 1984-இல் பியர்ஷ்பாகரும் ருவோஸ்லாட்டியும் அத்தகைய பிடியொன்றைக் கண்டறிந்தார்கள். அது அர்ஜினின், கிளைசின், அஸ்பார்ட்டிக் அமிலம் ஆகிய மூன்றே மணிகள் கோத்த தொடர். செல்லுலோஸ் சர்க்கரையால் ஆனது. அதில் இந்தப் பிடி இல்லை. எனவே இலைச் சாரத்தின்மேல் பிடிகளைப் பூச வேண்டியிருக்கிறது.

பூச்சுக்குக் கைக்கு எட்டும் பொருள் ஜெலட்டின். கொலாஜனை வேகவைத்தால் முப்புரி பிரிந்து ஜெலட்டினாகும். தோல் ஷாப்பில் செதுக்கி ஒதுக்கும் கழிவுத் துண்டுகள் பசையும் ஜெலட்டினும் காய்ச்சப் போவது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். செல்களுக்கான பிடிகள் ஜெலட்டினில் மீந்திருக்கின்றன. ஆனால் அது உடல் வெப்பத்திலேயே கரைந்துவிடும். கரையாமல் நிற்க வேண்டுமானால் குறுக்கிணைக்க வேண்டும். அதாவது பதனிட வேண்டும். குளூட்டரால்டிஹைடு ஒரு வழி. ஜெனிபின் என்ற, கார்டினியா காயிலிருந்து வரும் பொருளும் டானிக் அமிலமும் நஞ்சு குறைந்த வழிகளாகச் சோதிக்கப்படுகின்றன. இலைக்கு வலு, ஜெலட்டினுக்குப் பிடி, பதனிடும் பொருளுக்கு நிலைப்பு என்று குழாய்ச் சுவரில் வேலை பிரிந்துகொள்கிறது.

அதன்பின் உட்புறத்தில் அகவணிச் செல்களையும் வெளிப்புறத்தில் தசைச் செல்களையும் விதைத்து, ஊட்டக் கரைசல் ஓடும் கலத்தில் வளர்க்கிறார்கள். ஓட்டம் இங்கே முக்கியம். தேங்கிய கரைசலில் அகவணிச் செல்கள் கூழாங்கல் போல் திசையற்றுக் கிடக்கும். ஓட்டத்தில் அவை நீரோட்டத்து நாணல்போல் நீண்டு, ஒரே திசையில் வரிசைப்படும்.

எப்படித் தெரியும்?

செல்நீக்கம் முடிந்ததைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வெளுத்த இலையிலும் செல்லின் எச்சம் ஒளிந்திருக்கலாம். டிஎன்ஏவோடு சேர்ந்து நீலமாக ஒளிரும் சாயத்தை ஏற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து எடையும் போடுகிறார்கள். உலர்ந்த திசுவில் ஒரு மில்லிகிராமுக்கு 50 நானோகிராமுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல்.

அடுத்தது வெடிப்புச் சோதனை. குழாயின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் திரவ அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். இயல்பான இரத்த அழுத்தம் உச்சத்திலும் 120 மில்லிமீட்டர் பாதரசம்தான். ஆனால் பைபாசுக்குப் பயன்படும் கால் சிரை ஏறத்தாழ 1,600 வரை தாங்கும் என்பதால் புதிய குழாயை அதோடுதான் ஒப்பிடுகிறார்கள். தையல் ஊசி ஏறிய இடம் கிழிகிறதா, துடிப்புக்குத் துடிப்பு எவ்வளவு விரிகிறது, கோடிக்கணக்கான துடிப்புகளுக்குப் பின் தளர்கிறதா என்றும் அளக்க வேண்டும். இரத்தத்தை ஓடவிட்டுத் தட்டணுக்கள் எவ்வளவு ஒட்டுகின்றன என்று எண்ண வேண்டும். இவற்றில் தேறியவை மட்டுமே விலங்கில் பொருத்தப்படும். அங்கே மாதக்கணக்கில் திறந்திருக்கிறதா என்பதே இறுதிக் கேள்வி. இலையிலிருந்து செய்த ஒட்டுநாளங்கள் இந்த ஏணியின் கீழ்ப்படிகளில் இருக்கின்றன.

மீதமிருக்கும் கேள்விகள்

முதல் கேள்வி செல்லுலோஸ் பற்றியது. அதைச் செரிக்கும் நொதி மனித உடலில் இல்லை. எனவே கொலாஜன் சாரத்தைப்போல் உடல் அதை மெல்லத் தின்று தன் சொந்தச் சுவரை எழுப்பாது. இலையின் எலும்புக்கூடு உள்ளேயே நிற்கும். சுவர் திடீரெனத் தளர்ந்து வெடிக்காது என்பது இதன் நன்மை. வளரும் குழந்தையின் உடலோடு சேர்ந்து நாளம் வளராது என்பதும், விறைப்பு நீடிக்கலாம் என்பதும் இதன் குறை. செல்லுலோஸை முன்கூட்டியே லேசாக ஆக்சிஜனேற்றம் செய்து, உடலில் மெல்லச் சிதையும்படி ஆக்கும் வழிகளும் ஆராயப்படுகின்றன.

இரண்டாவது, எச்சம். செல்லைக் கரைத்த டிடர்ஜென்ட் துளி மிஞ்சினாலும், அது பின்னால் விதைக்கும் செல்லையும் கரைக்கும். குறுக்கிணைப்புப் பொருளின் எச்சமும் நஞ்சு. கழுவுவதே இந்தத் தொழிலின் பாதி வேலை. கழிவு எங்கே போகிறது என்று கேட்காமல் விட்டதன் விலையைப் பாலாற்றுப் படுகை அறியும். தோல் ஷாப்களின் கழிவு குறித்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பு, சூழலுக்குத் தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழிலை நடத்துபவருக்கே உரியது என்றது. உடலுக்குள் வைக்கும் பொருளுக்கு இந்த விதி இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும்.

மூன்றாவது, ஒரே சீர்மை. இலைக்கு இலை தடிமனும் நரம்பின் அமைப்பும் மாறும். பருவத்துக்கேற்ப வேதியியலும் மாறும். தோல் ஷாப்பில் அனுபவமுள்ள கை தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கும். மருத்துவப் பொருளுக்கு அந்தத் தரம்பிரிப்பு எண்ணில் எழுதப்பட வேண்டும். தாவரப் புரத எச்சத்தால் ஒவ்வாமை வருமா என்பதும் ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனியே பார்க்க வேண்டியது.

நான்காவது, காலம். லாரா நிக்லாசன் குழுவினர் செல்களைக் கொண்டு ஆய்வுக்கூடத்தில் தமனி வளர்த்ததை 1999-இல் வெளியிட்டார்கள். அந்த வழியில் வளர்ந்த, மனித செல்கள் நெய்து பின்னர் செல்நீக்கப்பட்ட நாளத்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 டிசம்பரில், கை கால் நாளக் காயங்களுக்காக, ஒப்புதல் தந்தது. இடையில் கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. அந்த நாளத்தின் விட்டமும் 6 மில்லிமீட்டர். அதைவிடச் சிறிய குழாய், அதுவும் இலையிலிருந்து, இன்னும் நீண்ட பாதையைக் கடக்க வேண்டும்.

அந்தப் பாதைக்கான அறிவுத்துறைகள் இந்த வட்டாரத்துக்கு அருகிலேயே இருக்கின்றன. அடையாற்றின் தோல் ஆராய்ச்சி நிறுவனம் கொலாஜனை மருத்துவப் பொருளாக்குவதில் நெடுங்காலப் பயிற்சி பெற்றது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி வளாகத்தில் ஸ்டெம் செல் ஆய்வு மையம் இயங்குகிறது. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் 1990-இலேயே இந்தியாவில் உருவான இதய வால்வை நோயாளிக்குப் பொருத்திக்காட்டியது. ஜவ்வாது மலையில் தடித்த இலையும் வலுவான நரம்பும் கொண்ட மரங்கள் பல. அவற்றில் எது செல்நீக்கத்தைத் தாங்கும், எது சுருட்டும்போது கிழியும், எதில் ஒவ்வாமைப் புரதம் குறைவு என்பதெல்லாம் டிடர்ஜென்டும் நுண்ணோக்கியும் அழுத்தமானியும் கொண்டு தொடங்கிவிடக்கூடிய சோதனைகள். ஓர் இலை நாளமாகத் தகுதி பெறுவது அவற்றின் விடையில் தொடங்கி, தையல் போட்ட இடத்தில் ஆண்டுக்கணக்கில் இரத்தம் தடையின்றி ஓடுவதில் முடியும்.